மெனுவில் திறந்த ரைட்டரும் டெர்மினலில் திறந்த ரைட்டரும்

லினக்ஸில் ஒரே மென்பொருளை இரண்டு வழியாகத் திறந்தால் அது சில நேரம் இரண்டு விதமாக நடந்துகொள்ளும். ஏன் என்று தெரியாதவர்கள் மென்பொருளைக் கழற்றித் திரும்ப நிறுவுவார்கள், எழுத்துருவைக் குற்றம் சொல்வார்கள், கடைசியில் விண்டோஸுக்கே திரும்பிப் போவார்கள். பத்து நிமிடம் செலவழித்தால் காரணத்தைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

நான் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்திக்குக் கிட்ட ஒரு சின்ன அச்சுக்கடையில் பக்க அமைப்பு வேலை செய்கிறேன். கல்யாண அழைப்பிதழ், கோயில் திருவிழா நோட்டீஸ், எல்லாவற்றையும் விடக் கூடுதலாகக் கல்வெட்டு. (வெளியூர்க்காரருக்கு: இறந்தவரின் 31ஆம் நாளில் கொடுக்கும் நினைவு மலரை இங்கே அப்படித்தான் சொல்வோம்.) கடையில் உள்ளவை பழைய கணினிகள். அவற்றில் எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்போடு உபுண்டு ஓடுகிறது. தமிழ் தட்ட ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள். சிலருக்கு ரெங்கநாதன் விசைப்பலகை, சிலருக்குத் தமிழ் 99. பழைய பாமினி எழுத்துரு முறையில் கை பழகியவர்கள் இன்னும் சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், அது வேறு கதை.

எங்களுக்குப் பிழை திருத்தித் தரும் ஓய்வுபெற்ற தமிழ் மாஸ்டர் தன் மடிக்கணினியைக் கொண்டுவந்து வைத்தார். “தம்பி, மெனுவில போய் ரைட்டரைத் திறந்தா தமிழ் விழுகுதில்லை. அந்தக் கறுப்புப் பெட்டியில அடிச்சுத் திறந்தா வடிவா விழுகுது. என்ன மாயம் இது?”

“மாயம் ஒண்டும் இல்லை மாஸ்டர், ரெண்டுக்கும் தாய் வேற.”

அதைத்தான் இங்கே விரித்துச் சொல்லப்போகிறேன். (ரைட்டர் என்பது லிப்ரேஆபிஸின் எழுதும் மென்பொருள். மாஸ்டரின் கறுப்புப் பெட்டி, கட்டளை தட்டும் டெர்மினல்.) கட்டளைகளைத் தமிழ் ஒலிப்பில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். சூழல் மாறிகளின் (நிரலுக்குக் கூடவே கொடுத்தனுப்பும் பெயர்=மதிப்பு குறிப்புகளின்) பெயர்கள் முழுக்கப் பேரெழுத்து. .டெஸ்க்டாப் கோப்புக்குள் வரும் எக்ஸெக், நேம், அப்ளிகேஷன், ஆபிஸ் போன்ற சொற்களுக்கும் முதல் வரியில் உள்ள இரண்டு சொற்களுக்கும் முதலெழுத்து மட்டும் பேரெழுத்து.

புராசஸ் எப்படிப் பிறக்கிறது

புராசஸ் என்பது ஓடிக்கொண்டிருக்கும் நிரல். லினக்ஸ் சேர்ந்த யுனிக்ஸ் குடும்பத்தில் எந்தப் புராசஸும் தானாகத் தோன்றாது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒன்று, ஃபோர்க் என்ற அழைப்பால் தன்னைப் போலவே ஒரு பிரதியை எடுக்கும். அந்தப் பிரதி, எக்ஸெக் என்ற அழைப்பால் தன் வயிற்றில் இருந்த நிரலைக் கொட்டிவிட்டு வேறொரு நிரலை ஏற்றிக்கொள்ளும். அடையாள எண் அப்படியே இருக்கும், ஆள் மட்டும் மாறிவிடும். இப்போதைய நூலகங்கள் போசிக்ஸ் ஸ்பான் என்று ஒரே அழைப்பில் இரண்டையும் முடித்துவிடுவதும் உண்டு. நமக்குத் தெரியும் விளைவு ஒன்றுதான்.

முக்கியமான விஷயம், பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது என்பது. யாழ்ப்பாணத்தாருக்கு இதைத் தேசவழமையை (எங்கள் சொத்துரிமை வழக்குச் சட்டத்தை) வைத்துச் சொன்னால் உடனே பிடிபடும். தாயிடமிருந்து வரும் சூழல் மாறிகள், நடப்பு அடைவு, பயனர் அடையாளம் எல்லாம் முதுசம். திறக்கிற நேரத்தில் மேலதிகமாகக் கையில் கொடுத்து அனுப்புவது சீதனம். பிறகு நிரல் தனக்குள் தானே சேர்ப்பது தேடிய தேட்டம். பிள்ளையின் தேட்டம் தாய்க்குத் திரும்பிப் போகாது. பிள்ளை பிறந்த பிறகு தாய்க்கு வந்ததும் பிள்ளைக்குச் சேராது. ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் பதிந்த சட்டத்தில் வழக்காடவாவது இடமுண்டு, லினக்ஸின் கருவான கெர்னலிடம் அதுவும் இல்லை.

ஆகவே ஒரு நிரல் வித்தியாசமாக நடந்தால் முதல் கேள்வி: இதைத் திறந்தது யார்?

கணினி எழும்பியதிலிருந்து மெனு வரை

கெர்னல் எழும்பியதும் முதலாம் எண் புராசஸைத் தொடங்கும். இன்றைக்குப் பெரும்பாலான லினக்ஸ்களில் அது சிஸ்டம்டி. அது காட்சி மேலாளரைத் தொடங்கும். எங்கள் கணினிகளில் லைட்டிஎம், க்னோம் டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கு ஜிடிஎம், கேடிஈ டெஸ்க்டாப்புக்குப் பெரும்பாலும் எஸ்டிடிஎம். உள்நுழைவுத் திரை காட்டுவது இதன் வேலை. திரையில் சாளரங்களைக் காட்டும் எக்ஸ் சேவையகத்தையும் லைட்டிஎம் ஓட்டும். கடவுச்சொல் சரியானால் உங்கள் பெயரில் ஒரு செஷனைப் பிறப்பிக்கும். வழியில் சில ஸ்கிரிப்டுகள் ஓடும், சூழல் மாறிகளில் முக்கால்வாசி அங்கேதான் வைக்கப்படுகின்றன. கடைசியில் எக்ஸ்எஃப்சிஇ4-செஷன். அதன் கீழே சாளர மேலாளர், மெனுவை வைத்திருக்கும் பேனல், டெஸ்க்டாப் பின்னணி.

இந்தப் பாதையில், டெர்மினலில் தட்டும் கட்டளைகளைப் படிக்கும் பாஷ் ஷெல் உங்களோடு உட்கார்ந்து பேசவே இல்லை என்பதைக் கவனியுங்கள். .பாஷ்ஆர்சி கோப்பு, நீங்கள் தட்டிப் பேசும் ஷெல் திறக்கும்போது மட்டும் படிக்கப்படுவது. அதில் எழுதியது டெர்மினலுக்கும் டெர்மினல் பெற்ற பிள்ளைகளுக்கும் கிடைக்கும். பேனலுக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது.

சரி, மெனுவில் அழுத்தினால் என்ன நடக்கிறது? ஒவ்வொரு மெனு வரிக்கும் பின்னால் .டெஸ்க்டாப் என்று முடியும் ஒரு எழுத்துக் கோப்பு இருக்கிறது. பொதுவானவை /யூஎஸ்ஆர்/ஷேர்/அப்ளிகேஷன்ஸ் அடைவில், உங்களுடையவை வீட்டு அடைவுக்குள் .லோகல்/ஷேர்/அப்ளிகேஷன்ஸ் அடைவில். ஒரே பெயரில் இரண்டு இடத்திலும் இருந்தால் உங்களுடையதே செல்லும். பேனல் அந்தக் கோப்பில் எக்ஸெக்= என்று தொடங்கும் வரியை எடுத்து, துண்டு துண்டாகப் பிரித்து, சதவீதக் குறியோடு வரும் எழுத்துகளுக்குப் பதில் கோப்புப் பெயர்களை வைத்து, பிள்ளை ஒன்றைப் பெற்று, அதற்குள் நிரலை ஏற்றுகிறது.

பிறந்த நிரலுக்கு இன்னும் சாளரம் இல்லை. அது டிஸ்ப்ளே என்ற சூழல் மாறியைப் பார்க்கும். வழக்கமாக அதில் :0 என்று இருக்கும். அதை வைத்து எக்ஸ் சேவையகத்தின் சாக்கெட்டைத் தேடிப் போய், .எக்ஸ்அதாரிட்டி கோப்பில் உள்ள இரகசியத்தைக் காட்டி, சாளரம் கேட்கும். எக்ஸுக்குப் பதிலாக வந்த வேலண்ட் என்றால் மாறி வேறு, வேலண்ட்_டிஸ்ப்ளே. எப்படியும் திரையில் பார்க்கும் சாளரம் வேறு, புராசஸ் வேறு. மூலையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தினால் சாளர மேலாளர் “மூடச் சொல்கிறார்கள்” என்று நிரலுக்குச் செய்தி அனுப்பும், அவ்வளவுதான். சாவதா பின்னணியில் ஓடிக்கொண்டே இருப்பதா என்பது நிரலின் விருப்பம். பாட்டு இயக்கிகள் பல மூடிய பிறகும் பாடுவது இதனால்தான்.

கண்ணால் பார்க்கும் வழி

ரைட்டரை மெனுவிலிருந்து திறந்து வையுங்கள். டெர்மினலில் எக்ஸ்ப்ராப் என்று தட்டினால் சுட்டி கூட்டல் குறியாக மாறும். ரைட்டர் சாளரத்தின் மேல் அழுத்துங்கள். கொட்டும் வரிகளில் _நெட்_டபிள்யூஎம்_பிஐடி என்று ஒன்று வரும், அதன் எதிரே உள்ளதுதான் புராசஸ் எண். 2481 என்று வைத்துக்கொள்வோம். (வேலண்டில் நேரடியாக ஓடும் சாளரங்களுக்கு எக்ஸ்ப்ராப் செல்லாது. பிக்ரெப் கட்டளையால் பெயரை வைத்துத் தேடுங்கள்.) அப்புறம்:

பிஎஸ்ட்ரீ -எஸ்பி 2481

மாஸ்டரின் கணினியில் வந்தது ஏறக்குறைய இப்படி:

சிஸ்டம்டி(1)—லைட்டிஎம்(812)—லைட்டிஎம்(1190)—எக்ஸ்எஃப்சிஇ4-செஷன்(1215)—எக்ஸ்எஃப்சிஇ4-பேனல்(1340)—ஊஸ்ப்ளாஷ்(2466)—எஸ்ஆபிஸ்.பின்(2481)

வம்சம் முழுக்க ஒரே வரியில். கடைசி இரண்டைப் பாருங்கள். மெனுக் கோப்பில் இருந்த கட்டளை லிப்ரேஆபிஸ் --ரைட்டர் என்பது. ஆனால் லிப்ரேஆபிஸ் என்ற பெயரில் ஓடும் புராசஸ் எங்கேயும் இல்லை. ஏனென்றால் அது ஒரு ஷெல் ஸ்கிரிப்ட். சில விஷயங்களைச் சரிபார்த்துவிட்டு எக்ஸெக் செய்து ஊஸ்ப்ளாஷாக மாறிவிடும். ஊஸ்ப்ளாஷ்தான் தொடக்கப் படத்தைக் காட்டுகிற ஆள். உண்மையான வேலைக்காரன் அது பெற்ற எஸ்ஆபிஸ்.பின். லிப்ரேஆபிஸ் சிக்கி நிற்கும்போது எந்தப் பெயரைக் கொல்ல வேண்டும் என்பதும் இதிலிருந்தே தெரியும்.

எக்ஸ்எஃப்சிஇயின் எல்லாப் பதிப்பிலும் பேனல் தாயாக நிற்கும் என்றில்லை. சில நேரம் இடையில் உள்ளவர் பிள்ளையைப் பெற்றுவிட்டு உடனே விலகிவிடுவார், பிள்ளை முதலாம் எண்ணின் பொறுப்பில் போய்விடும். க்னோமில் தாயின் இடத்தில் சிஸ்டம்டி --யூசர் (பயனருக்கென்று தனியாக ஓடும் சிஸ்டம்டி) தெரிவது வழக்கம். தாய் மாறிப்போனாலும் பிறக்கும்போது கிடைத்த முதுசம் மாறாது. அதைப் பார்க்க:

டிஆர் '\0' '\என்' < /ப்ராக்/2481/என்விரான் | க்ரெப் ஐஎம்

(க்ரெப்புக்குப் பின்னால் உள்ள இரண்டு எழுத்தும் பேரெழுத்து.) மாஸ்டர் மெனுவில் திறந்த ரைட்டருக்கு இது தேவையானதில் ஒன்றையும் காட்டவில்லை. டெர்மினலில் திறந்ததற்கு ஜிடிகே_ஐஎம்_மாட்யூல், க்யூடி_ஐஎம்_மாட்யூல் இரண்டும் வந்தன, இரண்டிலும் ஐபஸ் என்று இருந்தது. யாரோ சொன்னதைக் கேட்டு .பாஷ்ஆர்சியின் அடியில் எக்ஸ்போர்ட் வரிகளை எழுதியிருக்கிறார். மாயம் அங்கே உடைந்தது.

எந்த மாறி என்றே தெரியாவிட்டால் இரண்டு சூழலையும் முழுதாக ஒப்பிடலாம். இது எனக்கு மிகவும் பிடித்த வழி. .லோகல்/ஷேர்/அப்ளிகேஷன்ஸ் அடைவில் ஒரு .டெஸ்க்டாப் கோப்பு செய்து அதன் எக்ஸெக் வரியில் இதை வையுங்கள்:

எக்ஸெக்=எஸ்எச் -சி "என்வ் | சார்ட் > /டிஎம்பி/மெனு.டெக்ஸ்ட்"

மெனுவில் அதை ஒருதரம் அழுத்துங்கள். திரையில் எதுவும் நடக்காது, நடக்கவும் கூடாது. பிறகு டெர்மினலில் என்வ் | சார்ட் > /டிஎம்பி/டெர்ம்.டெக்ஸ்ட் என்று தட்டி, டிஃப் கட்டளையால் இரண்டு கோப்பையும் ஒப்பிடுங்கள். நிரல்களை எந்த அடைவுகளில் தேடுவது என்று சொல்லும் பாத் மாறியில் உள்ள வேறுபாடுதான் பலருக்குக் கிடைக்கும் விடை. “டெர்மினலில் ஓடுகிறது, மெனுவில் அழுத்தினால் ஒன்றும் அசையவில்லை” என்கிற முறைப்பாட்டில் பெரும்பகுதி பாத் விவகாரம்.

எங்கே எழுதினால் எல்லாருக்கும் கிடைக்கும்

பேனலுக்கு மேலே, செஷன் பிறக்கும் இடத்தில் எழுத வேண்டும். உபுண்டு குடும்பத்தில் லைட்டிஎம் உள்நுழையும்போது வீட்டு அடைவின் .புரொஃபைல் கோப்பைப் படிக்கும். டெபியனில் லைட்டிஎம் வைத்திருந்தால் .எக்ஸ்செஷன்ஆர்சி. சிஸ்டம்டி --யூசர் வழியாக ஓடும் க்னோம் போன்றவற்றுக்கு .கான்ஃபிக்/என்விரான்மென்ட்.டி அடைவில் .கான்ஃப் என்று முடியும் கோப்பு, அதில் எக்ஸ்போர்ட் போடாமல் பெயர்=மதிப்பு என்று மட்டும்.

தமிழ் உள்ளீட்டுக்கு இதைக்கூடக் கையால் எழுதத் தேவையில்லை. உபுண்டுவிலும் டெபியனிலும் ஐஎம்-கான்ஃபிக் -என் ஐபஸ் என்று ஒரு வரி தட்டினால் போதும், செஷன் தொடங்கும்போது அதுவே மாறிகளை வைத்து ஐபஸையும் எழுப்பிவிடும். மாஸ்டருக்கு அதைத்தான் செய்தேன். .பாஷ்ஆர்சியில் இருந்த வரிகளை அழித்தேன்.

அதன் பிறகு செஷனை விட்டு முழுதாக வெளியேறித் திரும்ப உள்நுழைய வேண்டும். ரைட்டரை மூடித் திறப்பது போதாது. பேனல் ஏற்கெனவே பிறந்துவிட்டது, அதனிடம் பழைய முதுசம்தான் இருக்கிறது.

சொந்தமாக ஒரு மெனு வரி

கல்வெட்டு வேலை வந்தால் எங்களுக்கு நேரம் இராது. அதற்கென்று ஒரு வார்ப்புரு வைத்திருக்கிறோம்: ஏ5 அளவு, எழுத்துருக்கள் தயார், தேவாரப் பகுதிக்கு ஒரு பாணி, வம்சாவளிக்கு ஒரு பாணி. அதை ஒரே அழுத்தில் திறக்க இப்படி ஒரு கோப்பு:

[டெஸ்க்டாப் என்ட்ரி]
டைப்=அப்ளிகேஷன்
நேம்=கல்வெட்டு புதிது
எக்ஸெக்=லிப்ரேஆபிஸ் -என் /ஹோம்/கடை/வார்ப்புரு/கல்வெட்டு.ஓடிடி
ஐகான்=லிப்ரேஆபிஸ்-ரைட்டர்
டெர்மினல்=ஃபால்ஸ்
கேட்டகரீஸ்=ஆபிஸ்;

சமக்குறிக்கு இடப்பக்கம் உள்ளவை ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும், நேம் என்பதற்கு வலப்பக்கம் தாராளமாகத் தமிழில் எழுதலாம். -என் என்ற தெரிவு, கோப்பை வார்ப்புருவாக வைத்துப் பெயரில்லாத புது ஆவணம் திறக்கச் சொல்வது. அவசரத்தில் மூல வார்ப்புருவிலேயே சேமித்துவிடுகிற ஆபத்து இல்லை.

எக்ஸெக் வரி ஷெல் கட்டளை போலத் தெரிந்தாலும் அதை ஷெல் படிப்பதில்லை. வீட்டு அடைவுக்கான அலைக்குறி வேலை செய்யாது, முழுப் பாதை கொடுங்கள். டாலர் போட்டுச் சூழல் மாறியை அழைக்க முடியாது. குழாய்க்குறி, திசைதிருப்பும் குறி எதுவும் செல்லாது. அவை வேண்டுமென்றால் மேலே செய்தது போல எஸ்எச் -சி என்று ஷெல்லையே கூப்பிட வேண்டும். பாதையில் இடைவெளி இருந்தால் இரட்டை மேற்கோளில் அடையுங்கள். சாதாரணச் சதவீதக் குறி வேண்டுமானால் இரண்டு தரம் போடுங்கள். கோப்பை இழுத்துப் போட்டுத் திறக்க வேண்டுமானால் வரியின் முடிவில் %எஃப் சேருங்கள். சிற்றெழுத்தானால் ஒரு கோப்பு, பேரெழுத்தானால் பல. ஒரு நிரலுக்கு மட்டும் ஒரு மாறி வேண்டுமென்றால் அதற்கும் இந்த வரியே இடம்: எக்ஸெக்=என்வ் பெயர்=மதிப்பு நிரல். இதுதான் சீதனம்.

எழுதி முடிந்ததும் டெஸ்க்டாப்-ஃபைல்-வேலிடேட் என்ற கட்டளைக்குக் கோப்புப் பெயரைக் கொடுங்கள், பிழை இருந்தால் சொல்லும். இல்லையென்றால் மௌனம். அழுத்தியும் ஒன்றும் நடக்கவில்லையா? மெனுவில் பிறந்த பிள்ளையின் புலம்பல் டெர்மினலுக்கு வராது. லைட்டிஎம் செஷனில் வீட்டு அடைவின் .எக்ஸ்செஷன்-எர்ரர்ஸ் கோப்பின் அடியைப் பாருங்கள். க்னோமில் ஜர்னல்சிடிஎல் --யூசர் -பி.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால்

இதில் மாட்டுப்படாதவர் குறைவு. ரைட்டர் ஒன்று திறந்திருக்கும்போது புதிய மாறியோடு இன்னொன்றைத் திறந்தால், புதிய புராசஸ் பிறக்கும், பழையது ஓடுவதைக் கண்டுபிடிக்கும், “இந்தக் கோப்பைத் திற” என்று அதனிடம் சொல்லிவிட்டுப் போய்விடும். சாளரம் புதிது, புராசஸ் பழையது. உங்கள் மாறி காற்றோடு போய்விட்டது. லிப்ரேஆபிஸின் விரிதாளான கால்க் திறந்தாலும் அதே எஸ்ஆபிஸ்.பின்தான். ஃபயர்ஃபாக்ஸும் அப்படியே. க்னோம் டெர்மினல் இன்னும் ஒருபடி மேலே: நீங்கள் கூப்பிடுவது ஒரு தூதரை, சாளரத்தை வைத்திருப்பது டி-பஸ் (நிரல்கள் தங்களுக்குள் பேசும் வழி) எழுப்பிய க்னோம்-டெர்மினல்-சர்வர். ஆகவே எதைச் சோதிப்பதானாலும் முதலில் எல்லாவற்றையும் மூடி, பிக்ரெப் எஸ்ஆபிஸ் என்று தட்டி ஒன்றும் மிஞ்சவில்லை என்று உறுதிப்படுத்துங்கள்.

கரண்ட் போய் கணினி அணைந்தால் இதன் மறுபக்கம் வரும். புராசஸ் செத்துவிட்டது, அது வைத்த பூட்டுக் கோப்பு மட்டும் கிடக்கிறது. ஆவணம் இருந்த அடைவில் .~லாக். என்று தொடங்கும் மறைகோப்பு அது. “வேறொருவர் திருத்திக்கொண்டிருக்கிறார்” என்று லிப்ரேஆபிஸ் சொன்னால், முதலில் பிக்ரெப். உண்மையிலேயே யாரும் இல்லையென்றால் அந்தக் கோப்பை அழித்துவிடலாம். பகிர்ந்த அடைவு என்றால் பக்கத்து மேசையையும் ஒருதரம் கேளுங்கள்.

டெர்மினலில் திறந்ததைக் காப்பாற்ற

டெர்மினலில் இங்க்ஸ்கேப் என்று தட்டித் திறந்துவிட்டு, டெர்மினலை மூடினால் இங்க்ஸ்கேப்பும் சேர்ந்து போகக்கூடும். டெர்மினல் மறையும்போது ஷெல்லுக்கும் அதன் பிள்ளைகளுக்கும் சிக்ஹப் என்ற சைகை போவதுதான் காரணம். கட்டளைக்குப் பின்னால் & போடுவது டெர்மினலைத் திரும்பத் தட்டக் கொடுக்கும், காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம். செட்எஸ்ஐடி -எஃப் இங்க்ஸ்கேப் என்று தட்டினால் நிரல் தனிச் செஷனில் பிறக்கும், டெர்மினல் போனாலும் அது இருக்கும். அல்லது ஜிடிகே-லாஞ்ச் கட்டளைக்கு .டெஸ்க்டாப் கோப்பின் பெயரைக் கொடுங்கள், மெனு வரியே ஓடும். ஆனால் சூழல் டெர்மினலுடையதுதான், மெனுவுடையது அல்ல. மெனுவின் சூழலோடே ஒரு கட்டளையை ஓட்டிப் பார்க்க ஆல்ட் எஃப்2 அழுத்தி வரும் பெட்டியில் தட்டுங்கள்.

நிர்வாகி உரிமை கொடுக்கும் சூடோ போட்டு ரைட்டரையோ ஜிம்ப்பையோ திறக்காதீர்கள். நிரல் ரூட் என்ற நிர்வாகிப் பயனரின் பெயரில் பிறந்து, உங்கள் வீட்டு அடைவுக்குள்ளேயே ரூட்டுக்குச் சொந்தமான அமைப்புக் கோப்புகளை விட்டுவிட்டுப் போகக்கூடும். அடுத்த நாள் சாதாரணமாகத் திறந்தால் எழுத உரிமை இல்லாமல் நிரல் திறக்காது. யாரோ ஏற்கெனவே செய்துவிட்டுக் கொண்டுவந்தால், வீட்டு அடைவில் நின்று ஃபைண்ட் . -யூசர் ரூட் என்று தேடி, கிடைத்தவற்றைச் சோன் கட்டளையால் உரியவர் பெயருக்கு மாற்றிக் கொடுங்கள்.